37-ஆம் நம்பர்

என் மனைவி நேர்ந்துகொண்டது 2019-இல். பையனுக்கு வேலை கிடைத்தால் சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன் என்று. வேலை கிடைத்தது. மறு வருஷம் காவிச் சேலைகூட வாங்கிவிட்டாள், கொரோனா வந்து யாரும் நடக்க முடியவில்லை. அதற்கடுத்த வருஷம் அவளே இல்லை. பையன் ஜெர்மனியில். சேலை பீரோவில், விலைச் சீட்டோடு.

அப்போதெல்லாம் எனக்குக் கோயில் என்றால் ஞாயிறு இரண்டாம் பூசை, கடைசிப் பெஞ்சு. இறுதி ஆசீருக்கு முன்பே வண்டியை எடுத்துவிடுவேன். யாராவது "எப்படி இருக்கீங்க" என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம். கேட்காவிட்டாலும் கஷ்டம்தான். சிலிண்டர் போடுகிறவரிடம் பேசியதுதான் சில நாள் மொத்தப் பேச்சும். எங்கள் அன்பியத்து (பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த ஜெபக் குழு) அக்கா ஒருவர்தான் விடவில்லை. "அந்தச் சேலைய எடுத்துக்கிட்டு நீங்க வாங்கண்ணே" என்று 2023-இல் என் பேரையும் எழுதிவிட்டார். மொத்தம் 41 பேர். அக்கா 36, நான் 37.

நிற்கிற இடத்திலெல்லாம் எண்ணிக்கை. அவரவர் நம்பரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். 61 வயதில் இது வேறா என்று முணுமுணுத்தேன்.

புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் எல்லாம் ஜெபமாலையும் பாட்டுமாகப் போய்விட்டது. தரங்கம்பாடி தாண்டியதும் இடது குதிகாலில் எலுமிச்சம்பழம் மாதிரி கொப்புளம். விடியற்காலை 3 மணி. மதகுக் கட்டையில் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட்டேன். மாதா சுரூபம் வைத்த தள்ளுவண்டியும் அதன் சீரியல் பல்பும் தூரத்தில் மறைந்தன. சரி, முதல் பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.

அரை மணி கழித்து அந்த சீரியல் பல்பு திரும்பி வந்தது. 36-க்கு அப்புறம் குரல் வரவில்லையாம். 40 பேரும் வந்த வழியே வந்திருக்கிறார்கள், பாதிப் பேர் வெறுங்காலோடு. யாரும் திட்டவில்லை. மெக்கானிக் பையன் ஒருவன் என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, ஊசியில் நூல் கோத்து, கொப்புளத்தின் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் இழுத்து, நூலை உள்ளேயே விட்டுக் கத்தரித்தான். நூல் வழியே தண்ணீர் சொட்டியது. "எழுந்திரிப்பா, போலாம்" என்றான். அந்தக் காலத்தில் வேளாங்கண்ணி நடுத்திட்டில், நடக்க முடியாத மோர்க்காரப் பையனுக்குக் கால் கொடுத்த தாயே, எனக்கு அன்றைக்குக் கால் கொடுத்தது நீயில்லாமல் யார்?

ஆகஸ்ட் 29, கொடியேற்ற நாள். வேளாங்கண்ணி கூட்டத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காவியைப் பார்த்ததும் லாட்ஜ் புரோக்கர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஓர் அறைக்கு ஒருவர் சொன்ன வாடகையைக் கேட்டு மணலிலேயே படுத்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டோம்.

மாதா முன்னால் பத்து நொடி கிடைத்திருக்கும். பின்னாலிருந்து ஒரே தள்ளு. வழியெல்லாம் மனதில் கோத்து வைத்த ஜெபம் ஒன்றும் வாயில் வரவில்லை. சேலையை நீட்டிக் காட்டினேன். "இவ வந்துட்டா தாயே" என்று மட்டும் சொன்னேன். அவ்வளவுதான், அழுதுவிட்டேன். நன்றி தாயே, ஆரோக்கிய மாதாவே, கோடி நன்றி.

வெளியே வந்தால் எங்கள் ஆட்கள் ஒருவரையும் காணோம். போனில் சார்ஜ் இல்லை. மாதா குளத்துக்கு முழங்காலில் போகிறவர்கள் நடுவே, மணல் பாதையில் திருதிருவென்று நின்றேன். எங்கிருந்தோ அக்காவின் குரல் கேட்டது.

"முப்பத்தாறு!"

சேலையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"முப்பத்தேழு!"