தெஹிவளையை விட்டுப் போன விலங்குகள்

மிருகக்காட்சிசாலை ஒன்றில் ஏற்படும் மாற்றங்களை நமது பத்திரிகைகள் பெரும்பாலும் வரவுக் கணக்காகவே எழுதுகின்றன. புதிதாகப் பிறந்த குட்டி, வெளிநாட்டிலிருந்து பரிமாற்றமாக வந்த சோடி, அமைச்சர் நாடா வெட்டித் திறந்துவைத்த கூடம் என்று அந்தச் செய்திகள் வருகின்றன. படமும் அழகாக அமைகிறது. கொழும்பை அடுத்துள்ள தெஹிவளைத் தேசிய மிருகக்காட்சிசாலையைப் பற்றி எழுத உட்காரும்போது எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கணக்கின் மறுபக்கம். அண்மைய ஆண்டுகளில் அந்த இடத்தோடு தொடர்புபட்டு நடந்த நல்ல மாற்றங்களில் கணிசமானவை அங்கிருந்து விலங்குகள் வெளியேறியதாலோ, வேறு இடங்கள் அவற்றுக்காக உருவாகியதாலோ ஏற்பட்டவை என்பது என் எண்ணம்.

திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்குத் தெஹிவளை என்பது பாடசாலைச் சுற்றுலாவின் பெயர். இரவுத் தபால் ரயிலில் கொழும்புக் கோட்டைக்குப் போய், அங்கிருந்து கரையோரப் பாதையில் தெஹிவளைக்குச் செல்வது ஒரு வழி. 49ஆம் இலக்கப் பேருந்து இன்னொரு வழி. போர்க்காலத்தில் இந்தப் பயணம் பல வகுப்புகளுக்கு வாய்க்காமலே போனது. அதனால் எங்கள் தலைமுறையில் பலர் அந்த யானை ஆட்டத்தையும் சிங்கக் கூண்டையும் அண்ணன்மார் சொல்லிக் கேட்டதோடு சரி. இங்கே அந்த இடத்தின் மீது இன்றும் ஒரு தனிப் பாசம் இருக்கிறது. அந்தப் பாசம் எனக்கும் உண்டு, ஆகவேதான் அது எப்படி மாற வேண்டும் என்பதில் அக்கறையும் உண்டு.

அதன் தொடக்கம் கல்விக்காகவோ பாதுகாப்புக்காகவோ ஏற்பட்டதல்ல. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத்து விலங்கு வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஜோன் ஹேகன்பெக், ஐரோப்பாவுக்குக் கப்பலேற்ற வேண்டிய விலங்குகளை வைத்திருக்கத் தெஹிவளையில் ஓர் இடத்தை அமைத்தார். அவருடைய நிறுவனம் கலைக்கப்பட்ட பின்னர், 1936இல் அரசு அதனைப் பொறுப்பேற்றது. இதே குடும்பத்தின் கார்ல் ஹேகன்பெக்தான் 1907இல் ஹம்பேர்க்கில், கம்பிகளுக்குப் பதிலாக அகழிகளால் விலங்குகளைப் பார்வையாளரிடமிருந்து பிரிக்கும் பூங்காவைத் திறந்து, உலகெங்கும் மிருகக்காட்சிசாலைகள் கட்டப்படும் முறையையே மாற்றியவர். ஒரு சகோதரர் கம்பியை அகற்றும் வழியைக் காட்ட, மற்றவரின் கையிருப்பிலிருந்து பிறந்த தெஹிவளை நெடுங்காலம் கம்பிக்குள்ளேயே இருந்தது.

அகழி முறை ஆசியாவில் செழித்த கதையில் ஓர் இலங்கையர் இருக்கிறார். தெஹிவளையின் பணிப்பாளராக இருந்த லின் டி அல்விஸ், சிங்கப்பூர் தனக்கென ஒரு மிருகக்காட்சிசாலை அமைக்க முடிவுசெய்தபோது ஆலோசகராக அழைக்கப்பட்டார். 28 ஹெக்டேயரில், நீர்த்தேக்கத்தின் ஓரத்துக் காட்டில், 1973 ஜூன் 27ஆம் திகதி அது திறக்கப்பட்டது. நீர் அகழிகளும் செடி மறைவுகளும் வேலிகளாக அமைந்தன. பின்னர், வெப்பமண்டலப் பாலூட்டிகளில் பெரும்பாலானவை இரவில் நடமாடுபவை என்ற எளிய உண்மையை அடிப்படையாக வைத்து உருவான இரவுச் சபாரியிலும் அவருடைய பங்கு இருந்தது. 1994இல் திறக்கப்பட்ட அதுவே உலகில் அந்த வகையில் முதலாவது. தெஹிவளையோ முப்பது ஏக்கருக்கும் குறைந்த நிலத்தில், நாலாபுறமும் வீடுகள் நெருக்க, அதே இடத்தில் நிற்கிறது. நம்மிடம் அறிவு இருந்தது, ஆளும் இருந்தார், நிலம் மட்டும் இருக்கவில்லை என்றுதான் இதனைப் புரிந்துகொள்ள முடிகிறது. நிலம் வளராதபோது எண்ணிக்கை குறைய வேண்டும். அதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சிங்கப்பூரிலும் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு வெளியேற்றமே. வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் பனிக்கரடியான இனூக்கா, 1990 டிசம்பரில் அங்கு பிறந்து, முதுமையும் நோயும் முற்றிய நிலையில் 2018 ஏப்ரல் 25ஆம் திகதி கருணைக்கொலை செய்யப்பட்டது. இனிமேல் பனிக்கரடிகளைக் கொண்டுவருவதில்லை என்ற முடிவை அந்த நிர்வாகம் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே எடுத்திருந்தது. மக்கள் விரும்பிப் பார்த்த ஒரு விலங்கை, நுழைவுச்சீட்டு விற்பனைக்கு உதவிய ஒரு விலங்கை, இனி வேண்டாம் என்று தீர்மானிக்கத் துணிவு வேண்டும். இந்தியாவில் மத்திய மிருகக்காட்சிசாலை ஆணையம் 2009இல், மிருகக்காட்சிசாலைகளில் உள்ள யானைகளை முகாம்களுக்கும் சரணாலயங்களுக்கும் மாற்ற வேண்டுமென்று அறிவித்ததும் இவ்வகைத் தீர்மானந்தான்.

இலங்கையில் இந்த வழியில் எடுக்கப்பட்ட அடிகள் மெதுவானவை, ஆனால் உண்மையானவை. தாயை இழந்த யானைக்குட்டிகளுக்காக 1975இல் தொடங்கப்பட்ட காப்பகம், வில்பத்து, பெந்தோட்டை, தெஹிவளை என்று இடம் மாறி, இறுதியில் பின்னவலையில் ஆற்றங்கரையோரம் நிலைகொண்டது. 2015இல் அதே பின்னவலையில் ஒரு புதிய மிருகக்காட்சிசாலை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அம்பாந்தோட்டை மாவட்டத்து ரிதியகமவில், சுமார் ஐந்நூறு ஏக்கரில், பார்வையாளர் வாகனத்துக்குள் அடைபட்டிருக்க விலங்குகள் வெளியே உலவும் சபாரிப் பூங்கா வந்தது. தெஹிவளையின் நெரிசலைக் குறைப்பது இந்தத் திட்டங்களின் நோக்கங்களில் ஒன்று. கிழக்கிலிருந்து ரிதியகம தூரந்தான். இருந்தாலும் சிங்கத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புவோருக்கு நான் அந்த இடத்தையே சொல்வேன்.

வெளியேறியவற்றில் முத்துராஜாவின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தாய்லாந்து 2001இல் இலங்கைக்கு அன்பளிப்புச் செய்த மூன்று யானைகளில் ஒன்றான அதற்கு அங்கு வழங்கிய பெயர் சக் சூரின். அளுத்கமைக்கு அருகிலுள்ள ஒரு விகாரையில் பெரஹரா ஊர்வலங்களுக்காக வளர்க்கப்பட்ட அது, முன்னங்கால் ஒன்றை மடக்க முடியாமலும் உடலில் சீழ்க்கட்டிகளோடும் துன்பப்படுவதாக விலங்கு நலச் செயற்பாட்டாளர்கள் முறையிட்டனர். தாய்லாந்து அரசும் தலையிட்டது. 2022 நவம்பரில் அது தெஹிவளைக்குக் கொண்டுவரப்பட்டு, அங்குள்ள மிருக வைத்தியர்களின் பராமரிப்பில் மாதக்கணக்கில் இருந்தது. நெடும்பயணத்துக்கான இரும்புக் கூட்டினுள் நிற்க அதனைப் பழக்கினார்கள். 2023 ஜூலை 2ஆம் திகதி, நாலாயிரம் கிலோ எடையுள்ள அந்த யானை இலியூசின் சரக்கு விமானமொன்றில் ஏற்றப்பட்டு, தாய்லாந்துப் பாகர்களோடு சியாங் மாய் போய்ச் சேர்ந்தது. பயணச் செலவு ஏறத்தாழ ஏழு இலட்சம் அமெரிக்க டொலர் என்று அறிவிக்கப்பட்டது. தாய்லாந்து மன்னரிடம் இலங்கையின் வருத்தத்தைத் தெரிவித்துக்கொண்டதாக அன்றைய பிரதமர் தினேஷ் குணவர்த்தன நாடாளுமன்றத்தில் கூறினார்.

அந்த மாதங்களில் தெஹிவளை செய்த பணி, அது பல்லாண்டு நடத்திய எந்தக் காட்சியை விடவும் பெரியது என்று நான் கருதுகிறேன். காட்சிக்கு வைப்பதற்காக அல்லாமல், சுகப்படுத்தி அனுப்புவதற்காக ஒரு விலங்கு அங்கே வைத்திருக்கப்பட்டது. வளர்ப்பு யானைகளை நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம் குளிப்பாட்ட வேண்டும், இரவில் வேலை வாங்கக் கூடாது, பாகர்கள் பணியின்போது மது அருந்தக் கூடாது என்று 2021இல் அரசு விதிகளை வெளியிட்டிருந்தும், ஒரு யானையைக் காப்பாற்ற இன்னொரு நாடு விமானம் அனுப்ப வேண்டியிருந்தது என்பது மனதை வருத்துகிறது. விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்கும் நமது கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டுக்குரியது என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

எல்லா வெளியேற்றங்களையும் நான் ஆதரிக்கவில்லை. நாடுகளுக்கிடையே யானைகளை அன்பளிப்பாகக் கொடுக்கும் வழக்கம் நம்மிடமும் உண்டு. 2012இல் பின்னவலையிலிருந்து பிராக் நகரத்துக்குச் சென்ற தமரா, ஜனித்தா என்னும் இரண்டு பெண் யானைகளும் அங்கு 2016இல் கன்று ஈன்றன. அது நன்றாக முடிந்த பயணம். அதே ஆண்டில் நியூசிலாந்துக்குக் கொடுப்பதாக உறுதியளிக்கப்பட்ட நந்தி என்னும் குட்டியின் பயணத்தை 2017இல் தொடரப்பட்ட வழக்கு தடுத்துவிட்டது. நந்தி நின்றதே சரி என்பேன். கூட்டமாக வாழும் ஒரு விலங்கைத் தனித்துப் பிரித்துக் கடல் கடத்துவதற்கு இராசதந்திர நட்பு போதிய காரணமாகாது.

கொரோனாக் காலத்தில் தெஹிவளைச் செய்திகளில் தோர் என்ற சிங்கம் அடிபட்டது. தென் கொரியாவின் சியோல் நகரிலிருந்து வந்த அந்த ஆண் சிங்கத்துக்கு 2021 ஜூனில் தொற்று உறுதியானது. இந்திய நிபுணர்களின் ஆலோசனையோடு சிகிச்சை நடந்தது. அதே மாதத் தொடக்கத்தில் சென்னை வண்டலூரில் நீலா என்ற பெண் சிங்கம் தொற்றினால் இறந்திருந்ததால், இங்கே பலர் அந்தச் செய்தியைப் பதற்றத்துடன் பின்தொடர்ந்தோம். வாயில் மூடப்பட்டு, நுழைவுக் கட்டணம் நின்றுபோன நாட்களிலும் உள்ளே இரை போடப்பட்டாக வேண்டும், மருந்து கொடுக்கப்பட்டாக வேண்டும். பார்வையாளரின் பணத்தை நம்பிய ஓர் இடத்தில் எத்தனை உயிர்களை வைத்திருப்பது நியாயம் என்ற கேள்வியை அந்த நாட்கள் எழுப்பிவிட்டன.

கூண்டே இல்லாத இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் பிரெட்றிக் கோட்டைக்குள்ளும் முற்றவெளியைச் சுற்றியும் புள்ளிமான்கள் தாமாக உலவுகின்றன. கோணேசர் கோயிலுக்குப் போவோர் கோட்டை வாசலைத் தாண்டும்போதே அவற்றைக் காணலாம். "மாமா, இதுகளை ஏன் கூட்டுக்குள்ள விடேல்ல?" என்று என் தங்கையின் மகள் அங்கே வைத்து ஒருமுறை கேட்டாள். இவை இந்த ஊரில் எங்களைப் போலவே இருப்பவை என்று அவளுக்குச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் மான், கடைப்பக்கம் கிடந்த பொலித்தீன் பையை, அதில் ஒட்டியிருந்த சாப்பாட்டுக்காக மென்றுகொண்டிருந்தது. அசைபோடும் விலங்கின் இரைப்பையில் பொலித்தீன் செரிக்காது, எளிதில் வெளியேறவும் மாட்டாது, சேர்ந்து அடைத்துக்கொள்ளும். வயிறு நிறைந்ததாகத் தோன்றும் விலங்கு பட்டினியால் மெலியும். யாத்திரிகர்கள் அன்போடு நீட்டும் பாண் துண்டும் வறுத்த தின்பண்டமும் புல்லும் இலையும் தின்னும் வயிற்றுக்கு ஏற்றவை அல்ல. தெஹிவளையில் ஒரு மானுக்கு நாளாந்தம் என்ன கொடுப்பது என்று தீர்மானிக்க ஓர் அதிகாரி இருக்கிறார். இங்கே அந்தப் பொறுப்பு வீதியில் போகும் ஒவ்வொருவருடைய கையிலும் சிதறிக் கிடக்கிறது.

ஆகவே தெஹிவளையில் இடம் காலியாகும்போது அதனை எதனால் நிரப்புவது என்பதே இனி வரும் மாற்றங்களில் முக்கியமானது. என் விருப்பம், முதலில் எஞ்சியிருக்கும் விலங்குகளுக்கு அந்த இடத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இரண்டு கூண்டுகளை உடைத்து ஒன்றாக்க வேண்டும். அதன் பின்னரும் இடமிருந்தால், தொலைதூரக் கண்டங்களின் விலங்குகளை விட நமது காடுகளிலேயே வாழ்ந்தும் நாம் கண்டிராதவற்றுக்கு முதலிடம் தரலாம். கிழக்கின் வறண்ட காடுகளில் தேவாங்கு இருக்கிறது, அழுங்கு இருக்கிறது. நீர்நிலைகளின் ஓரங்களில் மீன்பிடிப் பூனை திரிகிறது. இவை இரவில் நடமாடுவதால், கந்தளாயிலோ மூதூரிலோ காட்டருகே பிறந்து வளர்ந்த பிள்ளை கூட இவற்றைப் பார்க்காமலே பெரியவளாகிவிடுகிறாள். காயப்பட்டு மீட்கப்பட்ட, மீண்டும் காட்டுக்குள் விட முடியாத விலங்குகளை மட்டுமே வைத்து இப்படியொரு பகுதியை அமைக்கலாம். புதிதாக ஒன்றையும் பிடிக்க வேண்டியதில்லை. பகல் வெளிச்சத்தை மட்டுப்படுத்தி இரவுபோல ஆக்கும் கூடங்கள் பல நாடுகளில் உள்ளன. லின் டி அல்விஸ் பணியாற்றிய இடத்தில் அப்படியொரு கூடம் அமைவது பொருத்தமாகவும் இருக்கும்.

2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அருகில் ரயில் மோதி ஆறு யானைகள் இறந்தன. திருகோணமலையிலிருந்து தெஹிவளைக்குச் செல்லும் பிள்ளைகளின் ரயிலும் அந்தக் காட்டு வழியைத் தொட்டே போகிறது. தெஹிவளையில் யானைகள் இருக்கும் இடத்து அறிவிப்புப் பலகையில் இந்தச் செய்தியும் மூன்று மொழிகளிலும் இடம்பெற வேண்டும் என்பது என் கோரிக்கை.

இங்கிருந்து சுற்றுலா ஒழுங்குசெய்யும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தெஹிவளைக்குப் போவதற்கு முந்திய வாரம் மாணவர்களை ஒரு குறிப்பேட்டுடன் கோட்டைக்கு அழைத்துச் சென்று, ஒரு மானை அரைமணி நேரம் பின்தொடர்ந்து, அது எத்தனை அடி நடக்கிறது, எதைத் தின்கிறது, எதைக் கண்டு விலகுகிறது என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு தெஹிவளையில் அவரவர் விரும்பும் ஒரு விலங்கிடம் அதே அரைமணி நேரம் நின்று அதே கேள்விகளுக்கு விடை எழுதட்டும். வாயில் திறக்கும் நேரத்துக்கே உள்ளே போய்விடுங்கள். நண்பகல் வெயிலில் பெரும்பாலான விலங்குகள் படுத்துவிடும்.