கரப்பான் பண்டமும் கறித்தூளும்

முழங்கை மடிப்பில் எனக்கிருக்கும் கரப்பான் என்ற அரிப்புத் தோல் நோயை நான்கு ஆண்டுகளாகக் களிம்பு ஓரளவு அடக்கிவைத்திருந்தது. சென்ற ஆண்டு அதனுடன் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: சில மாலைகளில் வயிற்றிலும் தொடையிலும் ஐம்பது காசு அளவுக்குச் சிவந்த தடிப்புகள் எழும்பி, விடிவதற்குள் தடயமின்றி மறைந்துவிடும். கத்தரிக்காய், கருவாடு, இறால் ஆகியவை தோல் அரிப்பைக் கிளப்பும் கரப்பான் பண்டங்கள், அவற்றை அடியோடு நிறுத்து என்றார் அம்மா. நிறுத்தினேன். ஆனாலும் வெறும் ரசம் சோறு சாப்பிட்ட நாளில்கூடத் தடித்தது.

தோலில் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனையில் தூசிப்பூச்சிக்கு மட்டுமே வீக்கம் தெரிந்தது. அந்தச் சோதனை ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் வழியாக வரும் ஒவ்வாமையைத்தான் காட்டும் என்றும், உணவிலுள்ள வேதிப்பொருள்களைத் தாங்க முடியாமை வேறு வகை என்றும், அதைக் கண்டறிய நம்பகமான இரத்தச் சோதனை எதுவும் இல்லை என்றும் மருத்துவர் விளக்கினார். இங்கே கணக்கு அளவைப் பொறுத்தது. ஒரு வாய் கருவாடு ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். அதே நாளில் தக்காளி, சோயா சாஸ், கறித்தூள் எல்லாம் சேரும்போது உடல் தாங்கும் எல்லை தாண்டிவிடுகிறது. எந்தப் பண்டம் என்று மட்டும் தேடிய நானும் அம்மாவும் எவ்வளவு என்று கேட்கவே இல்லை.

கருவாட்டின் விஷயத்தில் அம்மா சொன்னதற்குக் காரணம் உண்டு. மீன் பிடிபட்ட பிறகு குளிரில் வைக்கப்படாவிட்டால், அதன் சதையிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைப் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினாக மாற்றுகின்றன; எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழிவதில்லை. தோல் தடிக்கும்போது நம் உடலே வெளிவிடும் பொருளும் அதே ஹிஸ்டமின்தான். சிங்கப்பூரின் தேக்கா ஈரச்சந்தையில் பனிக்கட்டிக்கு மேல் வெயில்பட நிற்கும் கானாங்கெளுத்தியை இப்போது நான் வாங்குவதில்லை. அடியில் புதைந்திருப்பதை எடுத்துத் தரச் சொல்லிக் கடைக்காரரின் முறைப்பையும் வாங்கிக்கொள்கிறேன்.

நான் எதிர்பாராதது சாலிசிலேட். தாவரங்கள் தம்மைக் காத்துக்கொள்ள உண்டாக்கும் இது, ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவு. 1985இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 333 உணவுகளை அளந்து வெளியிட்ட பட்டியலில் 100 கிராம் கறித்தூளில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருந்தது. மஞ்சளும் சீரகமும்கூட அந்தப் பட்டியலில் மேலே நின்றன. எனக்கு வேண்டாதவை அனைத்தையும் என் அஞ்சறைப் பெட்டி ஒரே மூடிக்குள் அடக்கியிருந்தது.

உணவியல் வல்லுநரின் மேற்பார்வையில், சந்தேகப்பட்ட பண்டங்களை எல்லாம் விலக்கி, மூன்று வாரங்கள் சோறு, புதுக் கோழி, தோல் சீவிய உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், தோல் சீவிய பேரிக்காய், பூண்டு, உப்பு என்று ஓட்டினேன். உணவங்காடி நிலையத்தில் நண்பர்கள் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிடும்போது டப்பாவைத் திறப்பது ஒரு தண்டனை. இரண்டாம் வாரத்தில் தடிப்புகள் நின்றன. கரப்பானோ அசையவில்லை. அதன் வேர் தோலின் காப்புப் படலத்தின் பலவீனத்தில் இருப்பதால், வியர்வையையும் தூசிப்பூச்சியையும் விட்டுவிட்டு உணவை மட்டும் குற்றம் சொல்வது சரியில்லை, களிம்பு தொடர்கிறது. பிள்ளைகளுக்கு இந்தப் பத்தியத்தைப் பெற்றோர் தாமாகத் தொடங்குவதும் ஆபத்து, வளர்ச்சி குன்றலாம்.

பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தோம். சாலிசிலேட் சோதனையில் எதுவும் நடக்கவில்லை. மஞ்சளையும் சீரகத்தையும் வீணாகச் சந்தேகித்திருக்கிறேன். கருவாடும் சோயா சாஸும் சேர்ந்த நாளில் நான்கு மணி நேரத்தில் தொடை தடித்தது. இப்போது மாதம் ஒருமுறை கருவாட்டுக் குழம்பு உண்டு, அன்று வெளிச்சாப்பாடு கிடையாது. கத்தரிக்காய் வாரம் இருமுறை வருகிறது. அம்மா மட்டும் இன்னும் என் தட்டைப் பார்த்து முகம் சுளிக்கிறார்.