காசி டிக்கெட்டும் ஒன்றாம் வகுப்பு சீட்டும்

மகளுக்குக் கேந்திரிய வித்யாலயாவில் ஒன்றாம் வகுப்பு இடம் கிடைத்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கீழே உள்ளதைப் படிக்கிறவர்களுக்கு, கைவிட்டுப் போய்விட்டது போலிருக்கிறது என்றுதான் தோன்றும்.

குழப்பத்துக்கு விதை போட்டவன் நான்தான். அப்பா, அம்மா, அத்தை மூன்று பேருக்கும் காசி பல வருட ஆசை. ரயில் முன்பதிவை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்களே, பிந்தினால் கிடைக்காது என்று 2025 ஜனவரி கடைசியில் காலை எட்டு மணிக்கே கணினி முன்னால் உட்கார்ந்தேன். காசி வழியாகப் போகும் கங்கா காவேரி எக்ஸ்பிரஸ் வாரத்தில் இரண்டு நாள்தான். மார்ச் 29 சனிக்கிழமை. மறுநாள் உகாதி, அதற்கடுத்த நாள் ரம்ஜான், லீவும் மிச்சம். ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான் போடலாம், நாங்களும் சரியாக ஆறு பேர். எல்லாமே கன்ஃபர்ம். இரண்டு நாள் வீட்டில் பெருமையாக நடமாடினேன்.

மார்ச் 7-ல் கேந்திரிய வித்யாலயா சேர்க்கைக்கான பதிவு தொடங்கியது. அட்டவணையைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. முதல் பட்டியல் மார்ச் 25, இடம் மீதியிருந்தால் இரண்டாவது ஏப்ரல் 2, மூன்றாவது ஏப்ரல் 7. நாங்கள் ஊர் திரும்புவது ஏப்ரல் 8. வகுப்பு ஏப்ரலிலேயே தொடங்கிவிடும் என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. பள்ளி என்றால் ஜூன் என்று மண்டையில் பதிந்து கிடக்கிறது, என்ன செய்ய!

ஆன்லைன் விண்ணப்பத்தில் பெரிய தொல்லை இல்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். முதலில் பதிவு செய்ததும் ஒரு லாகின் கோடு வரும். அதோடு முடிந்தது என்று மூடிவிடாதீர்கள். அதை வைத்து உள்ளே போய்ப் படிவத்தை நிரப்பி அனுப்பினால் வேறொரு எண் வரும். அதுதான் விண்ணப்ப எண். எங்கள் தெருவிலேயே ஒருவர் லாகின் கோடை பிரிண்ட் எடுத்து பத்திரமாக வைத்துக்கொண்டு பட்டியலுக்குக் காத்திருந்தார்.

உண்மையான இழுபறி, பெற்றோரின் அலுவலகம் தர வேண்டிய சர்வீஸ் சர்டிபிகேட்டில். மனைவி மத்திய அரசு ஊழியர். மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகள் முன்னுரிமையில் முதல் பிரிவு. அந்தப் பிரிவில் வருகிறவர்களை, பெற்றோருக்குக் கடந்த ஏழு ஆண்டுகளில் எத்தனை முறை இடமாறுதல் ஆனது என்று பார்த்துத்தான் வரிசைப்படுத்துகிறார்கள். அவளுக்கு மதுரையிலிருந்து சென்னை ஒன்று, பிறகு மயிலாப்பூரிலிருந்து கிண்டி ஒன்று. அவள் அலுவலக கிளார்க் தாராள மனசோடு இரண்டு என்று எழுதி, கையெழுத்தும் வாங்கிக் கொடுத்துவிட்டார். ஆனால் விதிமுறையில் 20 கிலோமீட்டராவது தள்ளி மாறியிருந்தால்தான் கணக்கு, ஓரிடத்தில் ஆறு மாதமாவது இருந்திருக்கவும் வேண்டும். மயிலாப்பூருக்கும் கிண்டிக்கும் 20 கிலோமீட்டர் எங்கே போவது? பொய்த் தகவல் என்று பிறகு சீட்டையே ரத்து செய்தால் யாரைக் கேட்பது?

ஒன்று என்று திருத்தித் தரக் கேட்டால், "ரெண்டு போட்டா உங்களுக்குத்தானே மேடம் நல்லது?" என்றாராம். முதல் நாள் அதிகாரி மீட்டிங்கில். இரண்டாம் நாள் கிளார்க் லீவு. மூன்றாம் நாள் திருத்திய தாள் கையெழுத்தோடு வந்தது, சீல் இல்லாமல். சீல் பெட்டிச் சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். இவள் அவர் மேஜைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள்.

இதற்கு நடுவில், மகள் யு.கே.ஜி. படித்த தனியார் பள்ளியில் மார்ச் 25-க்குள் முதல் தவணை கட்டாவிட்டால் ஒன்றாம் வகுப்பு இடம் இல்லை என்றார்கள். அதே 25-ல் வந்த முதல் பட்டியலில் மகள் பெயர் காத்திருப்பில் ஒன்பதாவது. பயத்தில் 18,000 ரூபாய் கட்டினேன். இடம் வேண்டாமென்றால் திருப்பித் தருவோம் என்று எழுதிக்கொடுக்கும்படி கேட்காமல் கட்டினேன், அதுதான் இன்றைக்கும் எரிகிறது.

26-ம் தேதி ராத்திரி வீட்டில் மாநாடு. "ஒன்பதாவதுன்னா வரவா போகுது? எல்லாரும் கிளம்புவோம்" என்றார் அப்பா. அம்மா, "புள்ள படிப்பை விட்டுட்டு எனக்குக் காசி வேண்டாம்டா" என்று படுத்துவிட்டார். கடைசியில் மனைவியும் மகளும் இங்கே, நாங்கள் நால்வர் மட்டும் காசிக்கு என்று முடிவானது. மொத்த டிக்கெட்டையும் ரத்து செய்ய வேண்டியதில்லை, ஆறில் இரண்டு பெயரை மட்டும் டிக் செய்து எடுக்கலாம். அப்போதைய விதிப்படி, வண்டி கிளம்ப 48 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் மூன்றாம் ஏசிக்கு ஆளுக்கு 180 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் பிடித்தார்கள். 48 மணி நேரத்துக்குள் வந்துவிட்டால் கட்டணத்தில் கால் பங்கு போயிருக்கும். 27-ம் தேதி காலையிலேயே முடித்துவிட்டேன்.

ஏப்ரல் 2-ல் இரண்டாவது பட்டியல். மகள் பெயர் இருந்தது! காசியில் அனுமன் காட் படித்துறையில் உட்கார்ந்து செய்தியைப் பார்த்தேன். அத்தைக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். மறுநாள் காலை ஒன்பதரைக்கு மனைவியிடமிருந்து போன்.

"பாப்பாவோட பர்த் சர்டிபிகேட் ஒரிஜினல் பீரோவுல இல்லையே. நீலக் கலர் பைலைப் பார்த்தீங்களா?"

நீலக் கலர் பைல் காசியில், என் பெட்டிக்குள், இரண்டு துண்டுகளுக்கு நடுவே இருந்தது. ரயிலில் யாராவது வயசு கேட்டால் காட்டலாம் என்று முதலில் கட்டிய பெட்டியில் வைத்தது, மகள் வரவில்லை என்ற பிறகும் எடுக்கத் தோன்றவில்லை. மனைவி அதற்கப்புறம் ஒரு நிமிடம் பேசவே இல்லை. அந்த ஒரு நிமிடத்துக்குப் பதிலாகத் திட்டியே இருக்கலாம்.

பிழைக்க வைத்தது, மகள் சென்னையில் பிறந்தது. மாநகராட்சி இணையதளத்தில் பிறந்த தேதியை வைத்துத் தேடிப் பிறப்புச் சான்றிதழைக் கட்டணமில்லாமல் எடுக்கலாம், க்யூஆர் கோடோடு வரும். படியில் உட்கார்ந்தபடியே போனில் இறக்கி அனுப்பினேன். பள்ளிக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் கலரில் எடுத்துக்கொண்டு போனாள். சரிபார்த்த ஆசிரியை க்யூஆரை ஸ்கேன் செய்து பார்த்து, "இதுவே போதும்" என்று சொல்லிவிட்டு, இடமாறுதல் தாளைத்தான் பத்து நிமிடம் வைத்துப் பார்த்தாராம். மதுரை ரிலீவிங் ஆர்டர் வரைக்கும் கேட்டிருக்கிறார். இரண்டு என்று போட்டிருந்தால் அங்கேயே மாட்டியிருப்போம்.

மத்தியானம் ரசீதின் படம் வந்தது. சேர்க்கைக் கட்டணம் 25 ரூபாய், வித்யாலய விகாஸ் நிதி மூன்று மாதத்துக்கு 1,500. ஒன்றாம் வகுப்புக்கு டியூஷன் கட்டணம் கிடையாது. அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இரண்டு முறை படித்துவிட்டு, "இருபத்தஞ்சா, இருபத்தஞ்சாயிரமா?" என்றார்.

மகள் முதல் நாள் வகுப்புக்குப் போனபோது நான் திரும்பும் ரயிலில் இருந்தேன். இட்டார்சிக்கு முன்னால் சிக்னல் போய்விட்டதால் படம் பாதி லோடாகி நின்றது. ரிப்பன் கட்டிய தலை மட்டும் தெரிந்தது, முகம் நாக்பூர் வந்த பிறகுதான். நீலக் கலர் பைலை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

18,000-ஐத் திருப்பிக் கேட்டு அந்தப் பள்ளிக்கு இரண்டு கடிதம் எழுதிவிட்டேன். இரண்டாவது பதிவுத் தபாலில். ஒப்புகை அட்டை வந்துவிட்டது, பணம் வரவில்லை.