இடிக்கும் விண்ணப்பத்துக்கு முன்னால்

செட்டிநாட்டில் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தின் நகரமைப்புப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். பழைய வீட்டை இடிக்க அனுமதி கேட்டு வரும் கோப்பில் பத்திரம், சொத்து வரி ரசீது, பங்காளிகளின் சம்மதக் கடிதம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். வீட்டுக்கு வயது என்ன, முகப்பில் என்ன சுதை வேலை, எத்தனை கட்டு என்று கேட்க மட்டும் அந்தப் படிவத்தில் இடமே கிடையாது. காகிதத்தில் அது வெறும் பழைய கட்டடம்.

கோப்பு வருவதற்குள் பாதி வீடு போயிருக்கும் என்பதுதான் பெரிய வேதனை. நிலைக்கதவும் பர்மா தேக்குத் தூணும் விலையாகிவிடும். மிஞ்சிய சுவரை இடிக்கத்தான் நாங்கள் அனுமதி எழுதுவோம்.

பங்காளிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே வீட்டில் பலருக்குப் பங்கு. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். ஓடு மாற்றும் செலவை யார் போடுவது? பேசி முடிப்பதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விடும், உத்தரம் உளுத்துவிடும். அப்புறம் விற்பதுதான் வழி என்றாகிவிடுகிறது.

தொல்லியல் சட்டங்கள் மத்தியில் 1958-லும் மாநிலத்தில் 1966-லும் வந்தன. அவை கோயில், கோட்டை போன்ற சின்னங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. குடும்பம் குடியிருக்கும் வீடு அவற்றுக்குள் எளிதில் அடங்காது. மும்பையில் 1995-லேயே பாரம்பரியக் கட்டடங்களைத் தரம் பிரித்துப் பட்டியலிட்டு, கட்டட விதிகளோடு சேர்த்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் இதற்கென ஆணையம் அமைக்கும் சட்டம் 2012-ல் நிறைவேறியது. நடைமுறைக்கு வர பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. சரி, வந்ததே நல்லது. ஆனால் சென்னையில் இருக்கும் ஆணையத்துக்கு இங்கே ஒரு தெருவில் தூண் கழற்றப்படுவது எப்படித் தெரியும்? உள்ளாட்சியின் கையில் பட்டியல் இருக்க வேண்டும். வரி விதிப்புப் பதிவேட்டிலேயே அந்த வீட்டுக்கு எதிரே ஒரு குறிப்பு இருந்தால் போதும், விண்ணப்பம் வந்த அன்றே தெரிந்துவிடும். தூணையும் கதவையும் கழற்றுவதையே இடிப்பின் தொடக்கமாக விதி சொல்ல வேண்டும்.

பராமரிப்பு வேலைக்கு மட்டும் அனுமதியே கேட்கக் கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஓடு மாற்றவும் சுண்ணாம்பு பூசவும் அலுவலகத்துக்கு அலைய வேண்டுமென்றால் யாரும் செய்ய மாட்டார்கள், வீடு தானாக விழும். இடிப்பதற்கும் முகப்பை மாற்றுவதற்கும் அனுமதி இருக்கட்டும். அதற்கும் இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஓடு மாற்றிப் பராமரிப்பவருக்குச் சொத்து வரியில் சலுகை கொடுக்கலாம்.

முடிவெடுக்கும் குழுவில் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவர் அவசியம் வேண்டும். எங்களைப் போன்ற பொறியாளர்கள் படித்ததெல்லாம் கான்கிரீட். பழைய சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்துச் சாந்து உதிரும் என்பதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் கரண்டி பிடித்த ஒரு பெரியவர்தான். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுவரைத் தொட்டுப் பார்த்தே எங்கே பிடிப்பு விட்டிருக்கிறது என்று சொல்வார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. உலகப் பாரம்பரியச் சின்னமாக்கப் பரிசீலிக்க வேண்டியவற்றுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-ல் சேர்ந்தது தனித்தனி வீடுகள் அல்ல, ஊர்த் தொகுப்புகள். நேர்க்கோட்டுத் தெருக்கள், ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடுகள், மழைநீரை வாங்கும் ஊருணிகள் எல்லாம் சேர்ந்ததுதான் செட்டிநாடு. நிர்வாகமோ சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டமாகப் பிரிந்திருக்கிறது. காரைக்குடி மாநகராட்சி, தேவகோட்டை நகராட்சி, கானாடுகாத்தான் பேரூராட்சி, ஆத்தங்குடி ஊராட்சி. ஒரு ஊரில் மறுக்கப்படுவது பக்கத்து ஊரில் கிடைத்துவிடும். எல்லா அலுவலகங்களுக்கும் ஒரே பட்டியல், ஒரே படிவம், ஒரே குழு என்று முதலில் ஓர் அரசாணை வரட்டும். தெருத் தெருவாகப் போய்க் கணக்கெடுக்க, ஓய்வு பெற்ற எங்களைப் போன்றவர்களைக் கூப்பிட்டால்கூட வருவோம்.