உவர்மலையில் நாகேஷ்

ஜனவரி 28

நாகேஷ் இறந்தது 2009 ஜனவரி 31. அந்தத் தேதியில் முடிகிற மாதிரி அவருடைய படங்களை மாலையில் போடுவோம் என்று திருகோணமலை உவர்மலைப் பெடியள் சிலர் ஒரு மண்டபத்தைக் கேட்டு வாங்கிவிட்டார்கள், படத் தேர்வு என் தலையில். இன்று 'காதலிக்க நேரமில்லை' (1964). மழை, சனம் குறைவு. பேய்க்கதை சொல்லும் இடத்தில் இந்த முறை பாலையாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தங்களையெல்லாம் வாயாலேயே போட்டுக்கொண்டு நாகேஷ் நெருங்கி வர வர அந்த மனிதர் கதிரைக்குள் சுருங்குகிறார், பாதிச் சிரிப்பு அவருடையது. தாராபுரத்திலிருந்து வந்து ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த, முகமெல்லாம் அம்மைத் தழும்புள்ள ஒரு ஒல்லி மனிதரை அந்தக் காலத்துச் சினிமா எப்படித்தான் உள்ளே விட்டதோ.

ஜனவரி 29

'திருவிளையாடல்' (1965). சொல்லவா வேண்டும், கோணேசர் இருக்கிற ஊர், கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டினால் இந்த வசனம் போகாமல் இருக்காது. நாகேஷின் தருமி, ஆயிரம் பொன் பரிசுக்கு ஏங்கும் ஏழைப் புலவர், கேட்கும் கேள்விகளுக்குச் சிவனாக வரும் சிவாஜி வாயைத் திறக்குமுன் பின்வரிசையிலிருந்து பதில் வந்துவிட்டது. ஆனால் காதால் மட்டும் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பாதித் தருமிதான் கிடைத்திருக்கிறார். சிவாஜி அசையாமல் நிமிர்ந்து நிற்க, இவருடைய தோள், கழுத்து, முழங்கால் எதுவும் ஓரிடத்தில் நிற்பதில்லை, ஆயிரம் பொன் என்ற நினைப்பே உடம்பை உலுக்குகிறது, கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அது பசி. பக்கத்தில் இருந்த ஐயா ஒருவர், "தம்பி, உந்த மனுசன் துண்டை இவ்வளவு பாடு படுத்துறானெண்டு ரேடியோவில தெரியேல்லையே" என்றார். நக்கீரராக வருவது படத்தின் இயக்குநர் ஏ.பி. நாகராஜனேதான் என்பது பெடியளில் பலருக்குப் புதுச் செய்தி.

ஜனவரி 30

1968 ஒரே வருடத்தில் 'எதிர்நீச்சல்', 'தில்லானா மோகனாம்பாள்'. இரண்டையும் ஒரே மாலையில் போட முடியாது, அதனால் முதலாவது முழுதாக, இரண்டாவதில் வைத்தி வரும் காட்சிகள் மட்டும். பாலச்சந்தரின் மாது ஒண்டுக்குடித்தனக்காரர்கள் எல்லோருக்கும் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவன், மனம் தானாக அவன் பக்கம் போய்விடும். சவடால் வைத்தி மோகனாவைப் பணக்காரர்களுக்குப் பிடித்துக்கொடுக்க அலைகிற தரகன், அவனைப் பார்த்தும் மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. "இந்தாளைப் பார்த்து ஏன் மாமா சிரிக்கிறீங்கள்?" என்று மருமகள் கேட்டாள். நியாயமான கேள்வி. நாகேஷ் எந்த இடத்திலும் வைத்தியை நல்லவனாக்கப் பார்க்கவில்லை, அவன் கயவன் என்று தெரிந்துகொண்டேதான் சிரிக்கிறோம், எனக்கு மாதுவைவிட இதுதான் பெரிய வேலையாகப் படுகிறது. நடுவில் கரண்ட் போய் வந்தது, பிளேன்டீயும் கச்சானும் தீர்ந்தன.

ஜனவரி 31

இன்றைக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. 'நம்மவர்' (1994), மகளைப் பறிகொடுக்கும் பேராசிரியர். சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது இதற்குத்தான் கிடைத்தது. படம் முடிந்ததும் ஒருவர், அழ வைத்த பிறகுதான் இவரை நடிகன் என்றே ஒத்துக்கொண்டேன் என்றார். எனக்குச் சரியான கோபம். அழுகைக்கு ஒரு தராசு, சிரிப்புக்கு ஒரு தராசா? பதிலுக்கு அதே வருடத்து 'மகளிர் மட்டும்' படத்திலிருந்து அவர் பிணமாக வரும் பகுதியைப் போட்டேன். முந்தாநாள் தருமியாக ஒரு நொடி சும்மா நிற்காத உடம்பு, இதில் விரல்கூட அசையாமல், இழுத்த இழுப்புக்கெல்லாம் போகிறது. அவரும்தான் சிரித்தார், பார்த்தேன்.

'சர்வர் சுந்தரம்' ஏன் போடவில்லை என்று வாசலில் பிடித்துக்கொண்டார்கள். நல்ல பிரதி கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன், மண்டபத்தை வரும் கிழமைக்கும் கேட்டு வைத்திருக்கிறோம்.