எங்க வீட்டு சுண்டெலியும் கேஸ் ட்யூப் ஓட்டையும்

தை மாசம் அறுப்பு முடிஞ்சதும் ஆரம்பிச்சுது. மன்னார்குடி பக்கம் எங்க வீடு, கொல்லைய தாண்டினா வயல்தான். வயல்ல நெல்லு நிக்கற வரைக்கும் எலிக்கு அங்கயே சாப்பாடு, அறுத்துட்டா நம்ம வீட்டுப் பக்கம் திரும்பிரும்னு அத்தை வருஷா வருஷம் சொல்வாங்க, நான் பெருசா எடுத்துக்கிட்டதில்ல. இந்த வருஷம் ராத்திரி 11 மணிக்கு மேல சமையல் ரூம்ல கரக் கரக்னு சத்தம், காலைல பாத்தா துவரம்பருப்பு பாக்கெட் மூலைல ஓட்டை, கரண்டி போடற ட்ராயர்ல அரிசி அளவுக்கு கறுப்பா புழுக்கை. அரிசி சைஸ்ல இருந்தா சுண்டெலி, அதைவிட ரொம்ப பெருசா கெடந்தா பெரிய எலி, இல்லன்னா பெருச்சாளி, அத வச்சே என்ன வந்திருக்குன்னு சொல்லிரலாம். மூக்கு நீளமா கீச் கீச்னு கத்திக்கிட்டு சுவர ஒட்டி ஓடுமே மூஞ்சூறு, அது எலியே கிடையாதுங்க, கரப்பான் பூச்சிய புடிச்சு தின்னும், அத அடிக்காதீங்க ப்ளீஸ்.

முதல்ல எல்லாரும் செய்யறத தான் நானும் செஞ்சேன். அந்துருண்டை போட்டேன், புதினா எண்ணெய பஞ்சுல நனைச்சு வச்சேன், ப்ளக்ல சொருகுற அந்த சவுண்ட் மெஷினும் வாங்குனேன். புதினா வாசனை இருக்கற வரைக்கும் அந்த மூலைக்கு வரல, வேற மூலைக்கு போச்சு, அவ்ளோதான். மெஷின் ரெண்டு நாள் வேலை செஞ்ச மாதிரி இருந்துச்சு, மூணாவது நாள் அதுக்கு பக்கத்துலயே புழுக்கை. அதுங்களுக்கு சத்தம் பழகிடுது, தயவுசெஞ்சு அதுல காச போடாதீங்க.

அப்புறம் தான் அந்த தப்பு நடந்துச்சு. கடையில எலி கேக் வாங்கிட்டு வந்து ஃப்ரிட்ஜ் பின்னாடி வச்சோம், கொழந்த கை எட்டாதுன்னு. நாலாம் நாள் காலைல என் பொண்ணு விளையாட்டு சாமான் கூடைக்குள்ள அந்த நீலக் கட்டில ஒரு துண்டு கெடக்கு. எலி இழுத்துட்டு வந்து போட்டிருக்கு! அவளுக்கு ரெண்டு வயசு, கைல கெடைச்சது எல்லாம் வாய்க்குத் தான் போகும். எனக்கு கை கால் எல்லாம் ஆடிப்போச்சு, அப்டியே தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். அவ தின்னல, ஒன்னும் ஆகல. டாக்டர் தான் சொன்னாரு, இந்த கேக் ரத்தத்த உறைய விடாம பண்ற மருந்து, ரெண்டு மூணு நாள் கழிச்சு தான் வேலையக் காட்டும், இதுக்காவது விட்டமின் கே ஊசி இருக்கு, மஞ்ச பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டுக்கு மாத்து மருந்தே இல்லம்மான்னு. அத தின்னவங்க மொத ஒரு நாள் ரெண்டு நாள் நல்லா நடமாடுவாங்களாம், அதுக்குள்ள ஈரல் போயிருமாம். தமிழ்நாட்டுல அந்த பேஸ்ட்ட விக்கவே தடை போட்டாச்சு, உங்க வீட்டு பரண்ல பழைய ட்யூப் எங்கயாவது கெடக்குதான்னு இன்னிக்கே பாருங்க. 2024 நவம்பர்ல குன்றத்தூர் பக்கம் ஒரு வீட்ல எலி மருந்து வச்சுட்டு அந்த ரூம்லயே படுத்து தூங்கி ரெண்டு சின்ன கொழந்தைங்க இறந்து போச்சுங்க, அந்த நியூஸ் அன்னிக்கு ஞாபகம் வந்து எனக்கு ராத்திரி முழுக்க தூக்கமே இல்ல. அதோட எங்க வீட்ல விஷம் நின்னு போச்சு.

ஒட்டற அட்டையும் வேண்டாம்னு சொல்வேன். ஒரு தடவ வச்சோம், மாட்டுனது சாகவும் இல்லாம விடிய விடிய கத்திக்கிட்டே இருந்துச்சு, கேக்க முடியல.

அத்தை தான் வழி சொன்னாங்க. "மருந்து இருக்கட்டும்மா, அது எது வழியா வருதுன்னு மொதல்ல பாரு"ன்னாங்க. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி சுவர் ஓரமா கோலமாவ மெல்லிசா தூவி விட்டோம், காலைல பொடிப்பொடியா கால் தடம், நேரா அடுப்பு மேடைக்கு கீழ போகுது. சிலிண்டர் வெளிய இருக்கு, அதோட ட்யூப் உள்ள வர சுவர்ல போட்ட ஓட்டை, ட்யூப்ப சுத்தி விரல் நுழையற இடைவெளி. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர், அதாவது ஒரு பென்சில் தடிமன் இருந்தா போதும், தலை நுழைஞ்சா உடம்பு நுழைஞ்சிரும். அத விட பயம் என்னன்னா ட்யூப்லயே பல்லு பட்ட தடம். எலிக்கு பல்லு வளந்துக்கிட்டே இருக்கும், எதையாவது கடிச்சுக்கிட்டே தான் இருக்கும். அன்னிக்கே ட்யூப்ப மாத்தி, உள்ள கம்பி வச்ச ஆரஞ்சு கலர் சுரக்ஷா ட்யூப் போட்டோம். உங்க வீட்டு ட்யூப்ப இப்பவே போய் தடவிப் பாருங்க, அதுல போட்டிருக்கற தேதியையும் பாருங்க.

ஓட்டைய அடைக்க துணி, பேப்பர், தெர்மாகோல் எல்லாம் வேஸ்ட், ஒரே ராத்திரில கடிச்சிரும். பாத்திரம் தேய்க்கற கம்பி நார இறுக்கமா திணிச்சு மேல சிமெண்ட் பூசுனோம். சிங்க் பைப் போற ஓட்டை, ஏசி பைப் ஓட்டை, கொல்லைக் கதவுக்கு அடியில இருந்த சந்து எல்லாத்துக்கும் இதே வைத்தியம், கதவுக்கு மட்டும் தகடு அடிச்சோம்.

உள்ள மாட்டிக்கிட்டதுக்கு எலிக்கூண்டு. சுவர ஒட்டி வைக்கணும், நடு ரூம்ல வச்சா சீந்தாது. சுட்ட தேங்கா சில்லு, இல்லன்னா மசால்வடை, கருவாடு, அதையும் நூல் போட்டு கட்டிரணும், சும்மா வச்சா கொறிச்சிட்டு போயிரும். ஒன்னு மாட்டுனதும் நிறுத்திராதீங்க, மூணு வாரத்துல குட்டி போடற ஜாதி அது, ஒரு தடவைக்கு அஞ்சாறு. எங்களுக்கு ரெண்டு வாரத்துல ஏழு மாட்டுச்சு. பருப்பு, மாவு எல்லாம் எவர்சில்வர் டப்பாவுக்கு மாறிருச்சு, ராத்திரி எச்சில் பாத்திரம் சிங்க்ல கெடக்கறதில்ல.

புழுக்கைய மட்டும் காஞ்ச வெளக்குமாறால கூட்டாதீங்க, தூசி பறந்து மூக்குக்குள்ள போகும். எலி மூத்திரத்துல தான் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கும். ப்ளீச்சிங் தண்ணி தெளிச்சு கொஞ்ச நேரம் ஊற விட்டு, கைக்கு க்ளவுஸ் போட்டுக்கிட்டு தொடைங்க.

இன்னும் ஒரு ஓட்டை பாக்கி இருக்கு, பரண் மேல கூரை ஓடும் சுவரும் சேர்ற எடத்துல. கொத்தனார் வெள்ளிக்கிழம வரேன்னு சொல்லிருக்காரு, அது வரைக்கும் கூண்டு அங்கதான் இருக்கு, தேங்கா சில்லோட.