கிளைபோர்ன் பாலத்தடியில்

நியூ ஆர்லியன்ஸில் என்னிடம் காது பரிசோதனைக்கு வரும் வாத்தியக்காரர்கள் காலை பதினொரு மணிக்கு முன்னால் வரமாட்டார்கள். முதல் வருடம் இது புரியாமல் எட்டரை மணிக்கு நேரம் கொடுத்துவிட்டு, ஆள் வரவில்லையே என்று குறைபட்டுக்கொண்டிருந்தேன். ஃப்ரெஞ்ச்மென் தெருவில் கடைசி செட் முடிந்து, வாத்தியத்தைத் துடைத்து வைத்து, டிப்ஸ் பணத்தை எண்ணிப் பிரித்து, வீடு போய்ச் சேர விடியற்காலை மூன்று மணியாவது ஆகும். தூக்கம் மட்டும் காரணமில்லை. ராத்திரி முழுக்கச் சத்தத்தில் இருந்த காது மறுநாள் காலையிலும் மந்தமாகவே இருக்கும். அந்த நேரத்தில் எடுக்கும் ஆடியோகிராமை, அதாவது காது கேட்கும் அளவைக் காட்டும் வரைபடத்தை, நம்ப முடியாது. அதனால் இப்போது யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியாக எப்போது வாசித்தீர்கள்?"

நான் ஆடியாலஜிஸ்ட். எங்கள் ஊர்ப் பக்கம் 'காது மெஷின் வைக்கிறவங்க' என்றால்தான் புரியும். சென்னையில் படித்து, மேற்படிப்புக்கு அமெரிக்கா வந்து, 2014-ல் இந்த ஊர் கிளினிக் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். ஜாஸ் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் 1901-ல் இதே ஊரில்தான் பிறந்தார் என்பதையே, விமான நிலையத்துக்கு அவர் பெயர் வைத்திருப்பதைப் பார்த்துத்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் கும்பகோணத்தில் எங்கள் தாத்தா வீட்டுத் தெருவில் ஒரு தவில்காரர் இருந்தார். ஐம்பது வயதிலேயே அவரிடம் எல்லோரும் கத்திப் பேசுவார்கள். அப்படிப்பட்டவருக்குக் கச்சேரியில் மட்டும் நாயனக்காரர் மூச்சு எடுக்கிற இடம்கூடத் தப்பாது. அது எப்படி என்று சின்ன வயதில் எனக்கு ஒரே ஆச்சரியம்.

இங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகு ராத்திரிகளில் போய்க் கேட்கத் தொடங்கினேன். செயின்ட் பீட்டர் தெருவில் 1961-ல் தொடங்கிய பிரிசர்வேஷன் ஹால் இருக்கிறது. மது விற்பதில்லை, மைக் கிடையாது. பெஞ்சில் இடம் கிடைக்காதவர்கள் தரையில் உட்கார்ந்து கேட்பார்கள். மைக் இல்லை என்றால் சத்தம் குறைவாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். அத்தனை சிறிய அறையில் ட்ரம்பெட், டிராம்போன், கிளாரினெட், டிரம் எல்லாம் சேர்ந்தால் முதல் வரிசையில் இருப்பவரின் நெஞ்சு அதிர்கிறது. ஓக் தெருவில் மேப்பிள் லீஃப் என்ற பாரில் பல வருடங்கள் செவ்வாய்க்கிழமை என்றால் ரீபர்த் பிராஸ் பேண்ட். 1983-ல் பள்ளிப் பையன்கள் சேர்ந்து ஆரம்பித்த பித்தளை ஊதுவாத்தியக் குழு அது. 2012-ல் கிராமி வாங்கினார்கள். ஸ்னக் ஹார்பர் என்ற ஜாஸ் கிளப்பில் வெள்ளிக்கிழமை எல்லிஸ் மார்சாலிஸ் பியானோ வாசிப்பார். அங்கே ஒரு கண்ணாடித் தம்ளர் மேஜையில் வைக்கும் சத்தம்கூடத் தனியாகக் கேட்கும்.

வருமானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல பார்களில் நுழைவுக் கட்டணம் கிடையாது. அன்றைய பார் வசூலில் ஒரு பங்கு, அப்புறம் வாளியில் விழும் டிப்ஸ், இவ்வளவுதான். எட்டுப் பேர் இருக்கும் பிராஸ் பேண்டில் அதை எட்டாகப் பிரிக்க வேண்டும். இந்தப் பணத்தில் இருப்பவருக்குக் காதுக்கென்று தனியாகச் செலவு செய்வது எங்கோ கடைசியில் வரும் யோசனை. வாத்தியக்காரர்களுக்கென்றே 1998 முதல் ஒரு மருத்துவ மையம் நடக்கும் ஊர் இது. வேறு எந்த ஊரிலும் இதற்கு இவ்வளவு தேவை இருந்திருக்காது என்று நினைக்கிறேன். 2016-ல் எங்கள் லூசியானா மாநிலம், வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டை விரிவாக்கிய பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாகக் காப்பீட்டு அட்டையோடு என் அறைக்கு வந்த அறுபது வயதுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அட்டையை இரண்டு கையாலும் நீட்டுவார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் டிராம்போன்காரர். பெயர் வேண்டாம். கத்ரீனா புயலில் வீடு மூழ்கி, இரண்டு வருடம் ஹூஸ்டனில் இருந்துவிட்டுத் திரும்பியவர். சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து ஆடியோகிராம் எடுத்தேன். கோடு நேராக வந்து 4000 ஹெர்ட்ஸில் பள்ளத்தில் விழுந்து, 8000-ல் கொஞ்சம் மேலே ஏறியது. சத்தத்தால் கெட்ட காது என்பதற்குப் பாடப்புத்தகத்தில் போடும் படம் அதேதான். இடது காதில் இன்னும் ஆழம். ஊர்வலத்தில் அவருக்கு இடப்பக்கம் ஸ்னேர் டிரம் வரும் என்று பிறகு தெரிந்தது.

நான் வழக்கமான கணக்கைச் சொன்னேன். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 94-ல் ஒரு மணி நேரம், 100-ல் பதினைந்தே நிமிடம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பேபி, எங்கள் முதல் பாட்டே அதைவிட நீளம்" என்றார். இந்த ஊரில் மளிகைக் கடைக்காரரிலிருந்து போலீஸ்காரர் வரை யாரும் யாரையும் பேபி என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குப் பழக ஒரு வருடம் ஆயிற்று.

அவர் காதுக்கு அச்சு எடுத்து, வாத்தியக்காரர்களுக்கான இயர்பிளக் செய்து கொடுத்தேன். கடையில் விற்கும் ஃபோம் பிளக், உச்ச ஒலிகளை அதிகமாகவும் கனமான ஒலிகளை குறைவாகவும் அடைக்கும். கம்பளிப் போர்வைக்குள்ளிருந்து பாட்டுக் கேட்பது போல இருக்கும். இதில் ஒரு சின்ன வடிகட்டி உண்டு. எல்லா ஸ்தாயியையும் ஏறக்குறைய ஒரே அளவில், 15 டெசிபல் குறைக்கும். நல்ல பொருள். இரண்டு வாரத்தில் பெட்டியோடு கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

"இதைப் போட்டுக்கொண்டால் என் தலைக்குள் நான் மட்டும்தான் இருக்கிறேன். மற்றவர்கள் எல்லாம் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள்."

தப்பு என்னுடையது. ஊதுகிறவருக்கு வாத்தியத்தின் அதிர்வு உதடு, பல், தாடை எலும்பு வழியாகக் காதுக்குள் வரும். காதின் வாசலை அடைத்துவிட்டால் அந்த ஒலி வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே முழங்கும். காதைப் பொத்திக்கொண்டு 'ம்ம்ம்' என்று சொல்லிப் பார்த்தால் யாருக்கும் தெரியும். பிளக் இன்னும் ஆழமாக, இரண்டாவது வளைவையும் தாண்டி எலும்புப் பகுதிவரை போயிருந்தால் இந்த முழக்கம் வெகுவாகக் குறைந்திருக்கும். அச்சு எடுக்கும்போது வலிக்குமே என்று நான் முன்னாலேயே நிறுத்திவிட்டேன். பாட்டுக் கேட்க வருபவருக்கு அது போதும், ஊதுகிறவருக்குப் போதாது.

மறுபடி அச்சு எடுக்கலாம் என்றேன். அவர், "அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களோடு நடந்து பார்" என்றார்.

செகண்ட் லைன் என்பது இந்த ஊரின் ஞாயிறு ஊர்வலம். கோடை நீங்கலாக வருடத்தில் பெரும்பாலான ஞாயிறுகளில், கறுப்பினத்தவரின் உதவிச் சங்கங்கள் முறைவைத்து நடத்துகின்றன. அந்தக் காலத்தில் உறுப்பினர்களின் வைத்தியத்துக்கும் அடக்கத்துக்கும் பணம் சேர்த்த சங்கங்கள் இவை. சங்கத்தாரும் பேண்டும் முதல் வரிசை. பின்னால் ஆடிக்கொண்டு வரும் ஊர் ஜனம் இரண்டாவது வரிசை. நாலு மணி நேரம் நடை. யாராவது இறந்தாலும் இதே பேண்ட்தான். கல்லறைவரை மெதுவான துக்கப் பாட்டு, உடலை விட்டுப் பிரிந்த பிறகு துள்ளல். முதல்முறை பார்த்தபோது எங்கள் ஊர்ச் சாவு மேளத்துக்கு ஆடுகிறவர்கள் ஞாபகம் வந்து தெருவோரத்தில் நின்றுவிட்டேன்.

அன்று ட்ரெமே பகுதியில் அவருக்கு மூன்றடி தள்ளி, கையில் ஒலி மீட்டரோடு நடந்தேன். பாஸ் டிரம்காரர் ஒரு கையால் டிரம்மை அடித்தபடி, மறுகையில் துணி மாட்டும் கம்பியை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, டிரம்மின் தலையில் பொருத்திய சிம்பலைத் தட்டினார். அந்தக் கம்பியின் 'ட்ஸிங்' ஒலிதான் மொத்தக் கூட்டத்தின் காலையும் தூக்கி வைக்கிறது. சூசஃபோன், அதாவது உடம்பைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் பெரிய டியூபா, பின்னால். டிராம்போன்கள் முன்னால், ஏனென்றால் குழாயை நீட்ட இடம் வேண்டும். மீட்டர் 98-க்கும் 102-க்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது.

அவரையே கவனித்தேன். திரும்பிப் பார்க்கவே இல்லை. ஆனால் சூசஃபோன் பாட்டை மாற்றுவதற்கு ஒரு நொடி முன்னால் அவர் தோள் இறங்கியது. ட்ரம்பெட்காரர் மூச்சு இழுத்தால் இவர் குழாய் உள்ளே வந்தது. எழுதி வைத்த நோட்ஸ் ஒன்றும் இல்லை. ட்ரம்பெட் மெட்டைப் பிடித்துக்கொண்டு போக, டிராம்போன் அதற்கு அடியில் வழுக்கிக்கொண்டு வந்து பதில் சொல்கிறது. ஓய்வில் கேட்டபோது, "ட்ரம்பெட்டை நான் கண்ணின் ஓரத்தால் கேட்கிறேன். டியூபாவை முதுகால் கேட்கிறேன். காதால் கேட்பது ஸ்னேரை மட்டும்தான், அதைத்தான் நீ எடுத்துவிட்டாய்" என்றார். கும்பகோணத்துத் தவில்காரர் நாயனத்தின் மூச்சை எப்படிப் பிடித்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பிறகு கிளைபோர்ன் சாலைக்கு வந்தோம். ஒரு காலத்தில் நடுவே ஓக் மரங்கள் வரிசையாக நின்ற கறுப்பினத்தவரின் கடைத்தெரு அது. 1966-ல் மரங்களை வெட்டி, மேலே நெடுஞ்சாலைப் பாலம் போட்டுவிட்டார்கள். அந்தப் பாலத்தின் அடியில் போனதும் எந்த பேண்டும் சும்மா கடந்துபோவதில்லை. நின்று ஊதுகிறார்கள். கான்கிரீட் கூரை அத்தனை ஒலியையும் திருப்பிக் கொட்டுகிறது. தூண்களில் அந்தப் பழைய மரங்களையும் மனிதர்களையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். ஜனம் தூண்மேல் ஏறிக்கொண்டு கையை வீசுகிறது. மீட்டரில் 106. அதற்கு என் கணக்குப்படி நாலு நிமிடம்கூடக் கிடையாது. நான் என் காதிலிருந்த பிளக்கை அழுத்திக்கொண்டேன். என்னை அறியாமல் கண்ணில் தண்ணீர் வந்தது.

அடுத்த வாரம் டிராம்போனோடு வரச் சொன்னேன். ஊதும்போது தாடை இறங்கும், அதோடு காதுக்குழாயின் வடிவமும் மாறும். ஆகவே நூல் கட்டிய பஞ்சை ஆழத்தில் வைத்து, அச்சுப் பசையை நிரப்பி, மவுத்பீஸை உதட்டில் வைக்கச் சொல்லி, பசை இறுகும்வரை அப்படியே பிடித்திருக்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் அசையாமல் இருந்தார். 15-க்குப் பதில் 9 டெசிபல் வடிகட்டி போட்டேன். பாடப்புத்தகம் இதற்கு ஒத்துக்கொள்ளாது. ஆனால் மேஜை டிராயரில் கிடக்கும் 15-ஐவிடக் காதில் இருக்கும் 9 நல்லது என்று இன்றும் நம்புகிறேன். அவர் குழுவின் ஸ்னேர்காரருக்கு மட்டும் 15. அந்தப் பையன் ஒரு வார்த்தை மறுக்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டான்.

2020 வந்தது. ஏப்ரல் 1-ம் தேதி எல்லிஸ் மார்சாலிஸ் கோவிட்டில் போனார். எத்தனையோ வாத்தியக்காரர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். அவருக்கு ஊர் கூடி ஊர்வலம் போக வழியில்லை. அந்த வருடம் எனக்கு வந்த போன்களில் பாதி ஒரே புகார்: காதுக்குள் ஙொய் என்று சத்தம், தூங்க முடியவில்லை. தெரு ஊமையானதும், இத்தனை வருடம் இசைக்கு அடியில் மறைந்திருந்த இரைச்சல் வெளியே வந்துவிட்டது. டிராம்போன்காரரும் கூப்பிட்டார். வீட்டில் தனியாக இருந்தார். ராத்திரி மேஜை விசிறியை ஓடவிட்டுத் தூங்குங்கள், அறையில் மெல்லிய சத்தம் ஏதாவது இருக்கட்டும் என்றேன். போனை வைக்காமல், இரைச்சல் எந்த ஸ்வரத்தில் இருக்கிறது என்று டிராம்போனில் ஊதிக் காட்டினார். "நான் ஊதிய ஸ்வரத்துக்கு மூன்று ஸ்தாயி மேலே என்று நினைத்துக்கொள்" என்றார்.

ஒரு வருடம் கழித்து அவருக்குக் காது மெஷின் தேவைப்பட்டது. அதிலும் ஒரு சிக்கல். இந்தக் கருவிகள் பேச்சுக்காகச் செய்தவை. பிராஸ் சத்தம் மைக்கில் நுழையும் இடத்திலேயே உடைந்து கரகரக்கும். அதற்குப் பிறகு செட்டிங்கில் என்ன செய்தாலும் சரியாகாது. எங்கள் தொழிலில் தெரிந்த ஒரு கைவைத்தியம் உண்டு. மைக் துவாரத்தின் மேல் செலோடேப் துண்டு ஒட்டினால் உள்ளே போகும் ஒலி பத்து டெசிபல் அளவுக்கு இறங்கும். வீட்டிலோ பாரிலோ உட்கார்ந்து மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்க அது போதும். ஆயிரக்கணக்கான டாலர் கருவியில் அரை அங்குல டேப்பை ஒட்டிக் கொடுத்தேன். ஊர்வலத்துக்கு மெஷின் வேண்டாம், பழைய பிளக்தான் என்று முடிவு செய்துகொண்டோம்.

ஊர்வலங்கள் திரும்ப வந்தபோது நானும் போனேன். ஒலி மீட்டர் எடுத்துப் போகவில்லை. அவர் நடை மெதுவாகிவிட்டது. இரண்டு காதிலும் பிளக் இருந்தது. கிளைபோர்ன் பாலத்தடிக்கு வந்ததும் பேண்ட் நின்றது. அவர் இடது கையால் இடது பிளக்கை மட்டும் உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குழாயை நீட்டினார். எதிரே நின்ற என்னைப் பார்த்தார். நான் கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினேன். அவர் தலையசைத்தார்.

மூன்று நிமிடம் கழித்து பேண்ட் நகர்ந்தது. பாலத்தைத் தாண்டி வெயிலுக்கு வந்தபோது, நடந்துகொண்டே சட்டைப்பையில் விரலை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.